சாமியோடு எல்லையும் இறங்கி வந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே என் தலைமுடி பாதி உதிர்ந்துவிட்டது. விளக்கேற்றி முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பேனாவை எடுப்பேன். இரண்டு வரி எழுதுவேன். பிறகு வேண்டாம் என்று கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். என் வீட்டுக்காரி அஞ்சலை, "உங்க எழுத்தாலதான் இந்த வூட்ல பாதி சோறு வேவுது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் படிப்பு இல்லை. எழுதி, அதை யாராவது படித்து, அதனால் புஷ்பத்துக்கு ஒரு இடைஞ்சல் வந்துவிடுமோ என்ற பயம்தான். புஷ்பம் என் மைத்துனன் மாணிக்கத்தின் பெண்சாதி. இப்போது அந்தப் பயம் தீர்ந்தது. போன பொங்கலுக்கு வந்தபோது அவளே, "எழுதுங்கண்ணே. நம்ம காலத்துக்கு அப்புறம் யாரு சொல்லப் போறா?" என்றாள். மலை மேல் அவள் வாழும் ஊரின் பெயரையும் சாமியின் பெயரையும் மட்டும் எழுதவில்லை. அந்த ஊர்ப் பூசாரி அப்போதே கேட்டுக்கொண்டார், நான் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். இது நடந்தது, இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் சாலையில் மரம் வெட்டிப் போட்ட வருஷங்களில். ஓடாத பஸ், திறக்காத கடை. என் கரும்பு வெட்ட ஆளில்லாமல் பூத்து நின்றது. இருந்தாலும் மறியல் செய்தவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டு வேலை கேட்டுப் போய், வாசலோடு திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். கேட்கிறார்கள், கேட்கட்டும் என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஜீப் மரங்களுக்கு நடுவே எப்படியோ வளைந்து வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. சிலோனிலிருந்து வந்து முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கள்ளக்குறிச்சி ஆபீசில் நேரில் வந்து பேர் கொடுக்க வேண்டும். வராதவர்களைப் பிடித்து, அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவார்கள்.

புஷ்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே கலவரம் வந்தபோது படகேறி வந்தாள். முகாமில் இருந்தவளை, அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போன மாணிக்கம் பார்த்து, கோயிலில் தாலி கட்டி, கல்வராயன் மலைக்கு அழைத்துப் போய்விட்டான். மலையில் அவனுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. முகாமில் உத்தரவு வாங்கவில்லை. கைக்குழந்தை ஒன்று ஆகிவிட்டது. மலை மேல் மைக் போகாது.

"எனக்கு இருக்கறது ஒத்தத் தம்பி. அவள கப்பல் ஏத்திட்டாங்கன்னா அவன் இன்னா பண்ணுவான்? அந்தப் பச்ச மண்ணு இன்னா பண்ணும்? போயி கையோட கூட்டிக்கினு வந்து ஆபீசுல நிறுத்துங்க" என்று அஞ்சலை புளிச்சோற்றைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். புதன்கிழமை காலை சைக்கிளை எடுத்தேன்.

அந்தச் சாலையை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. கனவில் வரும் சாலை மாதிரி இருந்தது. ஹாரன் சத்தமே இல்லை. நடுரோட்டில் மைனாக்கள் நடந்துகொண்டிருந்தன. இருபக்கமும் நின்ற பெரிய புளியமரங்கள் பாதிக்கு மேல் குறுக்கே படுத்துக் கிடந்தன. வெயில் புதிதாக விழுந்த இடத்தில் தார் மின்னிக் கண் கூசியது. எந்தக் காலத்திலும் எட்டாத உச்சிக் கொழுந்தை ஆடுகள் தரையில் நின்றபடி மென்றுகொண்டிருந்தன. ஆடுகளுக்கு அது திருநாள். மரங்களுக்கு இழவு. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு மரத்திலும் சைக்கிளைத் தோளில் தூக்கி ஏறி இறங்க வேண்டும். சைக்கிள் என்னைச் சுமந்ததைவிட நான் அதைச் சுமந்ததுதான் ஜாஸ்தி. ஓரிடத்தில் மறியல்காரர்கள் பெரிய அண்டாவில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் பெரியவரே, எங்க போறீங்க?" என்று ஒருத்தன் கேட்டான். தலையில் துண்டு, கையில் அரிவாள், வாயில் வெற்றிலை. குரல் மட்டும் கல்யாண வீட்டில் வரவேற்கிறவன் குரல்.

"மலைக்குப்பா."

"ரோட்ட மறிச்சிருக்கோம், தெரியலியா?"

"தெரியுது. அதான் தூக்கிக்கினு போறேன்."

சிரித்துவிட்டான். "வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டு போங்க. நாங்க ரோட்டத்தான் மறிச்சோம், சோத்தையா மறிச்சோம்?" என்றான். சூடான சோறு, கத்தரிக்காய் குழம்பு. மேசைக்குப் பதில் புளியங்கிளை மேல் தட்டை வைத்துத் தின்றோம்.

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டார். அது கொஞ்ச தூரம் போய் வாய்க்கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஏறி வந்த சுகத்துக்கு மேல் தள்ளின பாடு. சைக்கிளை அவர் வீட்டில் விட்டுவிட்டு ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் கோமுகி அணையைத் தாண்டி மலையேறினேன்.

எங்கள் ஊரில் காலை என்றால் வெயில்தான். மலையில் காலை என்றால் மேகம். அது இறங்கி வந்து ஒற்றையடிப் பாதையில் நமக்கு முன்னால் நடக்கிறது. மரம் தெரியும், பிறகு தெரியாது. ஏதோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். நான் ஏறுகிறேனா, மலை என் காலடியில் இறங்குகிறதா என்று சந்தேகமாக இருந்தது.

மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கீழ் நாட்டாளா? காலப் பாத்தாலே தெரியுது. பூமிய ஒதைச்சிக்கினு ஏர்றீங்க."

தலையில் கடுக்காய்க் கூடையோடு ஒரு அம்மாள். பெயர் சின்னப்பொண்ணு. மாணிக்கம் இருக்கும் அதே ஊர். அவள் முன்னால் நடக்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். கீழே என்ன கலாட்டா என்று கேட்டாள். சொன்னேன்.

"பங்கு கேக்கறாங்களா? கேக்கட்டும், நல்லதுதான். நாங்க கேக்கறதுக்கே நேரமாயிருச்சி" என்றாள். "எங்க அப்பாரு காலத்துல மலைக்குத் தனி தொரத்தனம், ஜாகீர்தாரு வெச்சதுதான் சட்டம். ஏரு பூட்டுனா மொத உழவு ஜாகீர்தாரு நெலத்துல. கூலி கெடையாது. உங்களுக்கெல்லாம் சுதந்திரம் முன்னமே வந்துருச்சாமே? எங்களுக்கு எமர்ஜென்சியிலதான் வந்துச்சு."

"அவ்வளவு லேட்டாவா?"

"இந்த மேட்டுல ஏறி வர வேணாமா? நீங்களே எப்படி ஏர்றீங்க, பாருங்க."

சாமையும் அவரையும் விளைந்து நின்ற சரிவுகளைத் தாண்டி, பொழுது சாயும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன். தூரத்திலேயே மேளம் கேட்டது. சின்னப்பொண்ணு கூடையை இறக்கிவிட்டு ஓடினாள். அன்றைக்குத்தான் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்து முதலில் சாமிக்குக் கட்டி, பிறகு ஊராரின் மணிக்கட்டில் கட்டுவார்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் கட்டுவது வழக்கம். கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஊரில் சேராதவர் யாராவது இருந்தால், காப்புக் கட்டுவதற்கு முன்னாலேயே எல்லைக்கு வெளியே போய்விட வேண்டும். எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் இப்போது யார் அவ்வளவு பார்க்கிறார்கள்? மலையில் பார்த்தார்கள்.

மாணிக்கத்தின் கடையில் புஷ்பம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் போடும் டீ மாதிரி அதற்குப் பிறகு எங்கேயும் குடித்ததில்லை. கொழுந்து கிள்ளிய கையல்லவா, தூளோடு பேசத் தெரியும். டம்ளரை நீட்டியவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னாண்ணே, அக்காவுக்குச் சொகந்தானே?"

நான் வாயைத் திறந்தேன். மாணிக்கம் என் கையைப் பிடித்தான். "மாமா, எதுவா இருந்தாலும் காப்பு கட்டி முடியட்டும். இந்த நேரத்துல போற பேச்சு, வர்ற பேச்சு எதுவும் பேசக் கூடாது. சாமிக்கு ஆவாது."

அது எனக்கும் தெரியும். சாமி காரியத்தில் குறுக்கே ஒரு வார்த்தை பேச நான் யார்? வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த மடத்தனம் அதுதான். இதே பக்தி இல்லாத ஒருவன் வந்திருந்தால் படபடவென்று சொல்லி, கயிறு கட்டுவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டியிருப்பான்.

போன வருஷம் காப்புக் கட்டும்போது, நிறை கர்ப்பிணியாக இருந்த புஷ்பத்தை எல்லைக்கு வெளியே ஒரு காவல் குடிசையில் தங்க வைத்திருந்தார்களாம். மாணிக்கம் வருஷக்கணக்காக அங்கே இருப்பவன், அவனுக்குக் கயிறு உண்டு. அவள் வந்தவள். இந்த வருஷமும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வெளியே ஒரு ஓரமாக நின்றாள்.

பூசாரி பொன்னன் வயசானவர், மெலிந்த உடம்பு, குழந்தைச் சிரிப்பு. கயிறு கட்டிக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் நின்றார். "கைய நீட்டும்மா" என்றார்.

மேளம் நின்றது. "சிலோன்காரிக்குமா?" என்றாள் சின்னப்பொண்ணு.

பொன்னன் திரும்பாமலே கேட்டார்: "ஊர்ல மழ பேஞ்சா அவ கூரையில பேயாம போவுதா? அவ புள்ள இந்த மண்ணுலதான வுழுந்துச்சு? புள்ளைக்குக் கட்டிட்டு ஆத்தாள வெளிய அனுப்புனா பாலுக்கு அது எங்க போவும்?"

அவர் கட்டினார். புஷ்பம் அந்தக் கயிற்றைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பிறந்த குழந்தையின் விரலை எண்ணிப் பார்ப்பது போல அந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என்னையறியாமல் நானும் கையை நீட்டினேன். எனக்கும் ஒன்று கட்டிவிட்டார். சாம்பிராணிப் புகையும் மேகமும் ஒன்றாகி, யார் முகமும் தெரியாமல் எல்லோரும் ஒரே முகமாக நின்றோம்.

புகை கலைந்ததும் வந்த காரியம் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

மாணிக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நாளைக்கா?" என்றான். "மாமா, நாளைக்குன்னா... கட்டிட்டமே?"

ஊர் கூடிவிட்டது. காப்புக் கட்டியவள் எல்லை தாண்டினால் ஊருக்கு ஆகாது. தாண்டாவிட்டால் அவள் கப்பலேறி நாட்டையே தாண்ட வேண்டும். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். மாணிக்கம் மெதுவாக அவளிடம், "கயித்த அவுத்து சாமி காலுல வெச்சிரலாம். நாம போயிட்டு வந்து மன்னிப்பு கேட்டுக்கலாம்" என்றான். அந்தப் பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நானும் சொன்னேன்.

புஷ்பம் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். குரலே உயரவில்லை. "இத அறுத்துட்டு அங்க போயி நிக்கறேன், சரி. உன் ஊரு எதுன்னு கேப்பாங்களே அண்ணே, அப்ப நான் என்னா சொல்றது? இது கையில இருக்கறப்பதான எனக்கு ஊரு?"

ஆபீசில் ஊர் சொல்லப் போவதற்கு, இருக்கிற ஊரை அறுத்துவிட்டுப் போக வேண்டும்.

சின்னப்பொண்ணுவுக்குக் கோபம். "கட்டுனதும் தப்பு, அவுக்கறதும் தப்புன்னா இன்னாதான் பண்றது? எல்லையும் தாண்டக் கூடாது, ஆபீசுக்கும் போவணும்! பேசாம சாமியத் தூக்கித் தலையில வெச்சி கூட அனுப்பிருங்க!"

இரண்டு பேர் சிரித்தார்கள். பொன்னன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏன், அனுப்புனா இன்னா?" என்றார்.

"தாத்தா, நான் சும்மா சொன்னேன்!"

"நீ சும்மாதான் சொன்ன. சாமி எப்படி இங்க வந்துச்சு? நம்ம பாட்டன் பூட்டன் காஞ்சியிலேர்ந்து கூடையில வெச்சி தூக்கிக்கினு வந்தான். எறக்கி வெச்ச எடம் கோயிலாச்சு, அத சுத்தி எல்லையாச்சு. நம்மளும் வந்தவங்கதான? எல்லையிருக்கற எடத்துல சாமியா, சாமியிருக்கற எடத்துல எல்லையா?"

எனக்கு அந்தக் கேள்வியிலேயே மனசு லேசாகிவிட்டது. ஆனால் ஊர் ஒப்பவில்லை. சாமியைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவானது.

அன்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். எங்கள் ஊர் நெல்லுச் சோறு மாதிரி வழுக்கிக்கொண்டு போகாது, ஒவ்வொரு பருக்கையும் நின்று பேசிவிட்டுத்தான் உள்ளே போகும். புஷ்பம் சாப்பிடவில்லை.

விடியற்காலையில் பூ கேட்டார்கள். சாமியின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு பூ. வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. எல்லோரும் நின்றோம். பூ விழவில்லை. கிழக்கு வெளுத்தது. கோழி கூவி ஓய்ந்தது. இனி கிளம்பினால்தான் பொழுதுக்குள் போய்ச் சேர முடியும். புஷ்பத்தின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்போது சரிவிலிருந்து ஒரு காற்று வந்தது. வலப்பக்கப் பூ விழுந்தது. காற்று அடித்ததையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அந்தக் காற்று யாருடையது என்பது அவரவர் மனசு.

மூங்கில் கூடையில் சாமியை எழுந்தருளச் செய்து பொன்னன் தலையில் தூக்கினார். ஊரில் நடக்கத் தெம்புள்ள அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். முதல் ஆளாகக் கூழ்ப்பானையைத் தூக்கிக்கொண்டு சின்னப்பொண்ணு. "நான்தான சொன்னேன், நான் போவாம?" என்றாள். கூடை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் இருக்க வேண்டும், அதுதான் இப்போது எல்லை என்று பொன்னன் சொல்லிவிட்டார்.

அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் நடந்ததா, கனவில் கண்டதா என்று குழம்புகிறது. மேகத்தில் முன்னால் போகும் கூடை மட்டும் தெரிகிறது, அதைத் தூக்குபவர் தெரியவில்லை. கூடை தானாக மிதந்து இறங்குகிறது. பின்னால் புஷ்பம், தோளில் தூங்கும் குழந்தை. ஒரு ஊரே தன் எல்லையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலை இறங்குகிறது. அணைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தண்ணீரில் கூடையின் நிழல் விழுந்ததும் எல்லோரும் ஒருமுறை கும்பிட்டார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் போலீஸ் வேன். ஏட்டு இறங்கி வந்தார். "தடை உத்தரவு போட்டிருக்கு. அஞ்சு பேரு சேந்து போவக் கூடாது. இன்னா இது, ஊரே வருது?"

பொன்னன் பணிவாகச் சொன்னார்: "சாமி போவுதுங்க."

"சாமி போலாம். ஆளுங்க நாலு நாலு பேரா பிரிஞ்சி போங்க."

அப்படியே பிரிந்தோம். முன்னால் கூடையோடு பொன்னன், புஷ்பம், மாணிக்கம், நான். ஏட்டு விரலை நீட்டி எண்ணினார். "நாலு. அந்தக் குழந்தை?"

"அது அம்மா மேல இருக்குதுங்க, ரோட்டுல நடக்கல."

"கூடையில இருக்கறது?"

"அதுவும் என் மேலதாங்க இருக்குது" என்றார் பொன்னன்.

ஏட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, "போங்க, போங்க" என்றார். நாலு நாலு பேராக, எறும்பு வரிசை மாதிரி, ஊர் பின்னால் வந்தது.

கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய புளியமரம் ஒன்று சாலையை முழுதாக அடைத்துக் கிடந்தது. இருபக்கமும் வாய்க்கால். சாமியைத் தூக்கிக்கொண்டு மரத்தை மிதித்து ஏறக்கூடாது, அடியில் குனிந்து நுழையவும் கூடாது என்று பொன்னன் நின்றுவிட்டார். மரத்தின் மேல் மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் எனக்குச் சோறு போட்டவன்! காவலை இந்தப் பக்கம் மாற்றியிருந்தார்களாம்.

"இன்னா பெரியவரே, போவும்போது சைக்கிளத் தூக்கிக்கினு போனீங்க. வரும்போது சாமியத் தூக்கிக்கினு வரீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். மேலேயிருந்த இன்னொருத்தன், "இதுக்காக மரத்த நகத்தறதா? மந்திரி வந்தே வழி வுடல நாங்க" என்றான். "சரி, உங்க சாமி எந்தக் கட்சி?"

பின்னாலிருந்து சின்னப்பொண்ணுவின் குரல் வந்தது. "எங்க சாமி எஸ்.டி.! எங்களுக்கு குடுத்தத நாங்க அவகூட பங்கு போட்டுக்கினு வரோம். நீங்க பங்கு கேக்கறவங்கதான? ஒரு பொம்பளைக்கு ரோட்டுல ஒரு ஆள் அகலம் பங்கு குடுக்க மாட்டீங்களா?"

சோறு போட்டவன் அரிவாளை எடுத்துக்கொண்டு குதித்தான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். கிளைகளைக் கழித்து, நுனியைப் புரட்டி, ஒரு ஆள் அகலத்துக்கு வழி செய்தார்கள். கூடை அதற்குள் நுழைந்தபோது அவர்கள் எல்லோரும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். கேட்கிற வாயும் கொடுக்கிற கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். ஊர் முழுக்க வந்து சேர்ந்ததும் மரத்தைப் பழையபடி இழுத்துப் போட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம்.

ஆபீசுக்குப் போனபோது பொழுது நன்றாகச் சாய்ந்திருந்தது. வாசலில் ஒரு புங்கமரம். அதன் அடியில் கூடையை இறக்கினோம். பியூன் வந்து, "யாரும்மா சிலோன்? உள்ள வா, ஐயா கெளம்பப் போறாரு" என்றார்.

புஷ்பம் நகரவில்லை. உள்ளே போனால் கூடை தெரியாது.

"அவ எல்லை தாண்ட முடியாதுங்க" என்றான் மாணிக்கம்.

"எந்த எல்லை?"

"இதாங்க, இந்த மரத்தடி."

பியூன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சாமியை உள்ளே தூக்கலாமா என்றேன். பொன்னன் கூடாது என்று தலையசைத்தார். நேரம் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்து, பத்தடி வாசற்படியில் போய்விடுமா? புஷ்பத்தின் கை அந்தக் கயிற்றின் மேலேயே இருந்தது.

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், வெளி ஜில்லாப் பேச்சு. பிறகு வராந்தாவுக்கு வந்தார். படியில் நின்றார். செருப்பைக் கழற்றினார். மண்ணில் இறங்கி மரத்தடிக்கு வந்தார்.

பெயர், எந்த முகாம், ஏன் சொல்லாமல் வந்தாய் என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "சொந்த ஊரு எது?"

"எங்க தாத்தா களமருதூர் பக்கத்துலேருந்து தோட்டத்துக்குப் போனாருன்னு சொல்லுவாங்க. அங்க எங்கள கள்ளத்தோணின்னாங்க. இங்க சிலோன்காரிங்கறாங்க. எது என் ஊருன்னு நானும் தேடிக்கிட்டே இருந்தேன் சார்." மணிக்கட்டை உயர்த்திக் காட்டினாள். "நேத்துதான் கெடச்சது."

அதிகாரி ஊராரைப் பார்த்தார். "இவங்க உங்க ஊர்லதான் இருக்காங்களா?"

சின்னப்பொண்ணு முந்திக்கொண்டாள். "இருக்கறாளாவா? அவ டீ போடலன்னா எங்க ஊர்ல ஒருத்தன் ஏரு பூட்ட மாட்டான் சார். இவள நீங்க அனுப்பிட்டீங்கன்னா தெனம் காலையில நீங்கதான் மலையேறி வந்து போடணும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நின்றபடியே எழுதினார். புருஷனோடு மலையில் இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டதாகச் சொன்னார். மாதாமாதம் நேரில் வந்து காட்ட வேண்டும் என்றார்.

"கப்பலு சார்?" என்று கேட்டான் மாணிக்கம்.

"இப்ப இல்ல. நாளைக்கு மேலேயிருந்து என்ன உத்தரவு வரும்னு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

அந்த வார்த்தைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்று ஏரிக்கரையில் கூடையைச் சுற்றிப் படுத்து, மறுநாள் எல்லையோடு மலையேறினோம். நானும் கயிறு கட்டியவனாயிற்றே, திருவிழா முடியும்வரை அங்கேயே இருந்தேன். கரும்பு கீழே காய்ந்தது. வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை, "கூட்டிக்கினு வாங்கன்னு அனுப்புனா, அங்க போயி நீங்களும் ஒரு ஊரு சம்பாதிச்சிக்கினு வந்தீங்களா?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

எங்கள் ஜனங்கள் கேட்ட ஒதுக்கீடு பிறகு வந்தது. ரோட்டோரம் புதுக் கன்றுகள் வைத்து அவையும் நிழல் தருகின்றன. மலைக்கு ரோடு வந்துவிட்டது. புஷ்பம் எத்தனையோ வருஷம் மாதாமாதம் மலை இறங்கினாள். ஒவ்வொரு முறையும் வேறு அதிகாரி, அதே கேள்வி. பல வருஷம் கழித்துத்தான் இனி வர வேண்டாம் என்றார்கள். எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சுதந்திரமே மேடேறி வர நேரமாகும் என்று சின்னப்பொண்ணு சொன்னதுதான் சரி.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குக் கொடுங்கள், வாசித்துக் காட்டுங்கள். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கள் பக்கம் இப்போதே சிலர், கூடைக்குள்ளிருந்து சாமி பேசியது என்கிறார்கள். பேசவில்லை. அதிகாரி புஷ்பத்தின் காலில் விழுந்தார் என்கிறார்கள். விழவில்லை. அப்படிச் சொன்னால் அவர் செய்தது சின்னதாகிவிடும்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவே சொல்லுங்கள்.